பதினொன்றாம் தேதியில் இடமில்லை

"தவறிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. எதுல தவறினாங்க?"

"எதுலயும் இல்லைங்க. தவறிட்டா."

"அதைத்தான் கேக்கறேன். கணக்குல தவறினாங்களா, பேச்சுல தவறினாங்களா, இல்ல போற வழியில தவறிட்டாங்களா? மொட்டையா தவறிட்டாங்கன்னா நான் எந்தப் பிரிவுக்கு அனுப்பறது?"

கேட்ட அம்மாள் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நல்ல சுழல் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அவர் மட்டுமல்ல, அந்தக் கூடத்திலிருந்த அத்தனை ஊழியர்களும் தத்தம் நாற்காலிக்குப் பக்கத்தில், வராத ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றுகொண்டிருந்தார்கள். அன்று நாற்காலி ஓய்வு நாள். வாசல் பலகையிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள்.

கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்ற மனிதர் மெத்தை தைப்பவர். தெருவில் எல்லோருக்கும் மெத்தைக்காரர். சட்டைக் காலரில் ஒரு பெரிய ஊசி குத்தியிருந்தது. அவர் மனைவி மெத்தை உறையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அவர் கொஞ்சம் இருந்தார். பிறகு போய்ப் பார்த்தபோது அவள் இல்லை. பாதித் தையலில் நின்ற ஊசியை உருவித் தன் காலரில் குத்திக்கொண்டது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் காதில் பஞ்சு அடைத்தாற்போல, அடுத்த வீட்டில் நடப்பதுபோல இருந்தது.

"செத்துட்டாங்கம்மா," என்றான் பின்னால் நின்ற மைத்துனன். செத்தவளின் தம்பி, சரக்கு வேன் ஓட்டுபவன். "எங்க அக்கா செத்துட்டாங்க. மாமாவுக்கு அந்த வார்த்தை கையில வரலை. வீட்ல எல்லாரும் சொல்ற மாதிரி தவறிட்டாங்கன்னு எழுதிட்டார்."

"அதை முதல்லயே எழுதியிருக்கலாமே. இப்ப பதிவாயிடுச்சு. பதிவான வார்த்தையை மாத்தணும்னா பிழைப் பிரிவுக்குப் போகணும். தவறுன்னு இருந்தாலும் பிழைப் பிரிவுக்குத்தான் போகணும். எப்படிப் பார்த்தாலும் மாடிக்குத்தான். உங்களுக்கு அலைச்சல் மிச்சம்."

மெத்தைக்காரர் தலையாட்டினார்.

அவர் நின்றது நாட்கள் துறை அலுவலகத்தில். வருடத்தில் எந்த நாளும் வெறும் நாளாக வீணாகிவிடக் கூடாது என்பதற்காக ஏற்படுத்தப்பட்ட துறை அது. தினமும் காலையில் தெருமுனை ஒலிபெருக்கிகளில் இன்றைய நாளை வாசிப்பார்கள்: இதே நாளில் யார் பிறந்தார், யார் மறைந்தார், எந்தப் போர் மூண்டது, எந்தப் பாலம் திறந்தது, இன்று எதைக் கடைப்பிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் நடந்ததை எழுதிவைத்தார்கள். கொஞ்ச காலம் கழித்து, எழுதிவைத்ததுதான் நடந்தது என்றார்கள். அதற்கும் பிறகு, எழுத இடமிருந்தால்தான் நடக்கலாம் என்றார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் வீட்டில் எதுவும் நடக்காதவரைக்கும் எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

நடந்துவிட்டால் மருத்துவமனையில் சொல்வார்கள், நாள் ஒப்புதல் வாங்கி வாருங்கள் என்று. ஒப்புதல் இல்லாமல் பிணவறையிலிருந்து உடலை எடுக்க முடியாது. இடுகாட்டிலும் குழி வெட்டமாட்டார்கள்.

வரிசையில் மெத்தைக்காரருக்கு முன்னால் நின்றவருக்கு இரட்டைக் குழந்தை. முதல் குழந்தைக்கு அந்த நாளின் பிறப்புகளில் கடைசி இடம் கிடைத்துவிட்டது. இரண்டாவதை இப்போதைக்குப் பிறக்காததாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"மாடிக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் கவுண்ட்டர் அம்மாள். குரல் கனிவாகத்தான் இருந்தது. "வார்த்தையைச் சரி பண்ணிட்டு வந்தாலும் நீங்க எழுதியிருக்கற பதினொண்ணாம் தேதியில இடமில்லை. அன்னிக்கு ஒரு தளபதி இருக்கார், ரெண்டு கவிஞர் இருக்காங்க. பெரிய வெள்ளம் வேற. வெள்ளத்துல போனவங்களையே மொத்தமா ஒரே வரியில போட்டிருக்கு. இவங்களை நான் எங்க நுழைக்க?"

"அக்கா என்ன, பஸ்ஸுலயா ஏறப்போறாங்க?" என்றான் மைத்துனன். "ஓரமா ஒரு இடம் குடுங்க."

"ஓரத்துலதான் வெள்ளம் இருக்கு." அம்மாள் யோசித்தார். "பிப்ரவரி இருபத்தொன்பது காலியா இருக்கு. காத்தோட்டமான நாள். யாரும் கேக்கறதில்லை. உங்களுக்கும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நினைச்சா போதும். அடுத்ததுல போட்டுரட்டுமா?"

"அதுவரைக்கும்?" என்று கேட்டார் மெத்தைக்காரர். அவர் அன்று கேட்ட முதல் கேள்வி அது.

"அதுவரைக்கும் இருக்காங்க."

"எங்க?"

"அதை நீங்கதான் சொல்லணும். உங்க வீட்டம்மாதானே."

மைத்துனன் அவர் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

பிழைப் பிரிவு அதிகாரி மெல்லிய உடம்பும் மெல்லிய மீசையும் உள்ளவர். அவரும் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். தாளைப் படித்துவிட்டு நெடுநேரம் பரிதாபமாகப் பார்த்தார்.

"எந்த வார்த்தை வேணும் உங்களுக்கு?"

"எதுன்னாலும் சரிங்க."

"அப்படிச் சொல்லக் கூடாது. மறைந்தார்ங்கறது பெரியவங்களுக்கு. சிலை இருந்தா மறைந்தார். காலமானார் கொஞ்சம் பரவாயில்லை, தெருப் பேர் இருந்தா குடுக்கலாம். காலமானார்னா என்ன அர்த்தம்? காலமா ஆயிட்டார். காலம் யார் கையில இருக்கு? நம்ம துறை கையில. அப்ப துறையில பாதி ஆள் ஆயிடறார். எல்லாரையும் அப்படிச் சேத்துக்க முடியுமா? உங்க வீட்டம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"காலையில சோப்பு ஃபேக்டரியில சோப்புக்குக் காகிதம் சுத்துவா. சாயந்தரம் எங்கூட மெத்தை தைப்பா."

"ம்." அதிகாரி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இறந்தார்னு போடலாம். ஆனா கையெழுத்து உக்காந்துதான் போடணும்னு விதி இருக்கு. இன்னிக்கு உக்கார முடியாது. நாளைக்கு வாங்க."

மறுநாள் போனார்கள். வாசல் பலகையில் மௌன நாள் என்று எழுதியிருந்தது.

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. ஒலிபெருக்கி மட்டும் பேசியது. இயக்குநர் உரையாற்றிக்கொண்டிருந்தார். "மௌனத்தைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை," என்று தொடங்கினார். உலகத்தின் துன்பங்கள் யாவும் மக்கள் தங்கள் குறைகளைச் சொல்வதால்தான் வெளியே தெரிகின்றன என்றார். சொல்லாத குறை இல்லாத குறையே என்றார். இந்தத் துறைக்கு வரும் மனுக்களில் பாதியை, மனுதாரர்கள் மௌனத்தின் அருமையை அறிந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றும், மீதிப் பாதியைத் தாமே தவிர்த்துவிட்டதாகவும் சொன்னார். அவர் அதிகம் பேசாமல் முடித்தபோது சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது.

பிழைப் பிரிவு அதிகாரி அன்று உட்கார்ந்திருந்தார். ஆனால் பேசவில்லை. புருவத்தை உயர்த்தி, என்ன என்று கேட்டார். அவருக்கு முந்தைய நாள் நினைவில்லை. ஒவ்வொரு நாளையும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது அங்கே பணி ஒழுக்கம்.

மெத்தைக்காரர் வாயைத் திறந்தார். காவலாளி வந்து அவர் தோளைத் தொட்டு, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். மெத்தைக்காரருக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. மைத்துனன்தான் முன்னால் வந்தான். கண்ணை மூடினான். நாக்கை ஓரமாகத் தொங்கவிட்டுத் தலையைச் சாய்த்தான். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். நன்றாகத்தான் செய்தான். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, மெச்சிக்கொள்ளும் பாவனையில் கட்டை விரலை உயர்த்தினார்.

அதிகாரி புரிந்துகொண்டார். எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மைத்துனன் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செத்துக் காட்டினான். இந்த முறை தரையிலேயே படுத்துவிட்டான். அதிகாரியின் முகம் தெளிந்தது. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துச் சாய்ந்து, இதுதானே என்று கேட்டார். இவன் ஆமாம், ஆமாம், ஆனால் அதற்கும் மேலே என்று கையை வானத்துக்கு உயர்த்திக் காட்டினான். அதிகாரி ரொம்ப ரொம்ப என்பதுபோல அதைவிட உயரமாகக் கையைத் தூக்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். கையெழுத்து விழுந்தது. முத்திரையும் விழுந்தது, சத்தம் வராமல், துணி போட்டு.

வெளியே வந்துதான் படித்தார்கள்.

'மனுதாரரின் மனைவி மிகுந்த களைப்பால் தவறினார் என்பது விசாரணையில் தெரியவந்தது. மேற்படித் தவறு மன்னித்துத் திருத்தப்படுகிறது. அவர் இனி தவறமாட்டார் என்று துறை நம்புகிறது. நகல்: மருத்துவமனை, இடுகாடு, பணியிடம்.'

மைத்துனன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, நான் நல்லாத்தானே செத்தேன்?"

"நல்லாத்தான் செத்த, மாப்ள."

"அப்புறம் ஏன்?"

களைப்பு என்று எழுதியிருந்த இடத்தையே மெத்தைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் அவளுக்குக் களைப்பு என்று எழுதிக் கொடுத்த முதல் ஆள் அந்த அதிகாரிதான்.

துறையில் எதுவும் வேகமாக நடக்காது என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள். நகல்கள் அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. வேனில் ஏறும்போதே மைத்துனனின் செல்பேசி அடித்தது. சோப்பு ஃபேக்டரியின் மேற்பார்வையாளர்.

"என்னப்பா, உங்க அக்கா ஏன் வேலைக்கு வரலை?"

"அக்கா இறந்துட்டாங்க சார். அன்னிக்கே சொன்னேனே. நீங்ககூட வருத்தமா இருக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன்பா. அது அன்னிக்கு. இப்பதான் துறையிலேர்ந்து தாள் வந்திருக்கே, தவறு திருத்தியாச்சுன்னு. நான் வருத்தப்பட்டதையும் இப்ப வாபஸ் வாங்கணும். நாளைக்காவது வருவாங்களா?"

"அவங்களால வர முடியாது சார்."

"முடியலைன்னா அவங்களே போன் பண்ணிச் சொல்லணும். லீவு உனக்கா, அவங்களுக்கா?"

மறுநாள் காலையில் பிணவறைக்காரர் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இவர்களுக்காகவே காத்திருந்தார். கம்பளிக் குல்லா போட்ட, இரக்கமுள்ள மனிதர். முந்தைய நாட்களில் மெத்தைக்காரர் வந்தால் உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று தான் வெளியே போய்விடுவார். இப்போது அவர் கையிலும் தாள் இருந்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அவங்களை இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க. உயிரோட இருக்கறவங்களை நான் உள்ள வெச்சிருக்கேன்னு ஆயிடும். ஆளை அடைச்சு வெச்ச கேஸ்."

"நீங்க பாத்தீங்கல்ல," என்றான் மைத்துனன்.

"பாத்தேன். தினமும் பாக்கறேன். நான் பாக்கறதுக்குத் தனியா முத்திரை எதுவும் குடுக்கலையே." அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க வெளியே போறவங்களுக்குன்னு ஃபாரம் ஒண்ணும் கிடையாது, எல்லாம் பெட்டியிலதான் போவாங்க. அதனால வார்டு ஃபாரத்துலயே எழுதிட்டேன், சொந்த விருப்பத்தின் பேர்ல கிளம்பிட்டாங்கன்னு."

மெத்தைக்காரர் வீட்டுக்கு நடந்து போய் ஒரு மெத்தையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வேறு யாருக்கோ தைத்தது, புதுப் பஞ்சு. மெத்தை தைப்பவனின் வீட்டில் புது மெத்தையில் யாரும் படுத்ததில்லை. மிச்சப் பஞ்சையும் துணி வெட்டலையும் அடைத்த ஒன்றில்தான் இருவரும் இவ்வளவு காலம் படுத்தார்கள். அவள் பக்கத்தில் ஒரு கட்டி இருக்கும். பிரித்து அடித்துத் தரேன் என்று அவர் சொல்வார். நாளைக்கு என்று அவள் சொல்வாள். புது மெத்தையை வேனின் பின்பக்கம் விரித்து, நான்கு மூலையையும் தட்டிச் சமன் செய்தார். மூவருமாக அவளைத் தூக்கிக் கிடத்தினார்கள். மெத்தை அவ்வளவாக அமுங்கவில்லை.

இடுகாட்டுக் காவலர் கேட்டையே திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளேயிருந்து பேசினார்.

"உயிரோட புதைச்சா என்னைத் தூக்கி உள்ள போட்டுருவாங்க."

"வந்து பாருங்கய்யா, நீங்களே தொட்டுப் பாருங்க," என்றான் மைத்துனன்.

"நான் எதுக்குப்பா வேத்துப் பொம்பளையைத் தொடணும்? இறக்கறதா இருந்தா துறையில கேட்டுட்டு வாங்க. குழிகூட வெட்டித் தயாரா வெச்சிருக்கேன். எனக்கென்ன, ஆசையா?"

திரும்பும் வழியில் மெத்தைக்காரர் பின்னால், அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வேன் குலுங்கும்போதெல்லாம் அவள் தலை ஆடியது. கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். அழுகை வருகிறதா என்று ஒரு தடவை கவனித்துப் பார்த்தார். வரவில்லை. அவள் இறந்திருந்தால் வந்திருக்குமோ என்று யோசித்தார். தாளில் இருப்பதை நம்புகிறோமோ என்று அப்போதுதான் அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"மாமா," முன்னாலிருந்து மைத்துனன் கேட்டான். "பேசாம அந்த பிப்ரவரிக்கே சரின்னு சொல்லியிருக்கலாமோ?"

"சொல்லியிருக்கலாம்."

"இப்பவும் கேப்போமா?"

"கேப்போம். வெய்யில் ஏறுது, மாப்ள. நிழல் பாத்துப் போ."

துறையின் வாசலில் அன்றைய பலகை வரவேற்பு நாள் என்றது. உள்ளே நுழைகிற எல்லோரையும் கைதட்டி வரவேற்க வேண்டும் என்பது அன்றைய கடைப்பிடிப்பு. தண்ணீர் கேன் போடுபவரை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் கேனைக் கீழே வைக்க விடாமல் தட்டினார்கள்.

வேன் முற்றத்துக்குள் வந்ததும் கவுண்ட்டர் அம்மாள்தான் முதலில் பார்த்தார். "திருத்தம் ஆனவங்க வந்திருக்காங்க," என்று உள்ளே சொல்லியனுப்பினார். ஆட்கள் இறங்கி வந்தார்கள். பிழைப் பிரிவு அதிகாரி வெட்கத்தோடு பின்னால் நின்றார். அவருடைய வேலை முற்றம்வரை பேசப்படுவது இதுவே முதல் தடவை. கடைசியில் இயக்குநரே வந்தார். அகன்ற மனிதர், வழுவழுப்பான குரல். அவருக்குப் பின்னால் ஒருவர் ஒலிவாங்கியைக் கம்பியோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

வேனின் பின்கதவு திறந்திருந்தது. மெத்தைக்காரர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கணம் அவர் மூக்கு சுருங்கியது. பிறகு மலர்ந்தது.

"அம்மா களைப்பாக இருக்கிறார்கள்," என்றார் ஒலிவாங்கியில். "அவர்களை எழுப்ப வேண்டாம்."

கைதட்டினார்கள்.

"இதே நாளில் என்ன நடந்தது என்று நம்மை யாராவது இனிமேல் கேட்டால், நாம் பெருமையோடு சொல்லலாம். ஒரு சாதாரணப் பெண்மணி தவறினார். நம் துறை அதைத் திருத்தியது. மரணம் மரணம் என்கிறார்கள். மரணம் என்பது என்ன? முறையான இடம் ஒதுக்கீடு செய்யாமல் நிகழும் ஒரு ஒழுங்கீனம். பெரியவர்கள் அந்தத் தவறைச் செய்வதில்லை. அவர்கள் நமக்கு வசதியான நாளில் மறைகிறார்கள், அல்லது நாம் வசதி செய்து தருகிறோம். சாதாரண மக்களுக்கு இந்தப் பொறுப்புணர்வு வர வேண்டும். வரலாற்றில் இடமில்லை என்று நாங்கள் யாரிடமும் பாரபட்சம் காட்டிச் சொன்னதில்லை. எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம்."

கைதட்டினார்கள். மைத்துனனும் தட்டினான். பழக்கத்தில் தட்டிவிட்டுக் கையை மறைத்துக்கொண்டான்.

"அதனால் இந்த நாளை ஆண்டுதோறும் திருத்த நாளாகக் கடைப்பிடிப்பது என்று இந்த இடத்திலேயே, இப்போதே முடிவு செய்கிறேன். அடுத்த ஆண்டு விழாவுக்கு அம்மாவே தலைமை தாங்குவார்கள்." இயக்குநர் ஒலிவாங்கியை வேனுக்குள் நீட்டினார். "ஐயா, குடும்பத்தின் சார்பில் ரெண்டு வார்த்தை."

மெத்தைக்காரர் ஒலிவாங்கியைப் பார்த்தார். அதன் தலையில் சுற்றியிருந்த பஞ்சு ஓரத்தில் பிய்ந்திருந்தது. வேனுக்குள் புழுக்கமாக இருந்தது. அவள் நெற்றியில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவர் அதை ஓட்டினார். அது போய்விட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. மறுபடியும் ஓட்டினார்.

எல்லோர் கையும் தட்டுவதற்குத் தயாராகப் பாதி தூரம் வந்து நின்றது.

"ஐயா," என்றார் மெத்தைக்காரர். அவருடைய குரல் தெருமுனை ஒலிபெருக்கிகளிலெல்லாம் கேட்டது. "அவளை இறக்க விடுங்கய்யா."